மணியைப் பார், தம்பி

அன்புத் தம்பிக்கு,

108 வண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னார்கள். முதல் வாரமே பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்த ஒருவரைப் பார்த்துக் கை நடுங்கிப்போனதாம். அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் பல வருஷம் நர்ஸாக நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரிப் பையனைத் தூக்கி வந்தார்கள். பல் கிட்டிப்போயிருந்தது, வாயோரம் ரத்தம் கலந்த நுரை. நாக்கைத் துண்டாகக் கடித்துவிடுவானோ என்ற பயத்தில், துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவில் திணித்தேன். வலிப்பு தானாக நின்றது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து என் உள்ளங்கையில் கிடந்தது. நாக்கின் ஓரத்தில் பட்ட கடி சில நாளில் ஆறிவிட்டது. பல் ஆறவில்லை. அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். வலிப்பில் யாரும் நாக்கை விழுங்கிவிடுவதில்லை. கரண்டியோ துணியோ உன் விரலோ தண்ணீரோ மாத்திரையோ, எதையும் வாய்க்குள் வைக்காதே.

நீ போய் இறங்கும் முன்பே கூட்டம் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கும். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை ஏன் சாகவில்லை தெரியுமா? பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து, விரலைப் பிரித்து உள்ளே வைப்பதற்கும் அந்த நேரம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. அதற்காக அவர்களோடு சண்டை போடாதே. ஏதாவது செய்ய வேண்டுமே என்று தவிப்பவர்கள் அவர்கள். வேலை கொடு. ஒருவர் கூட்டத்தை விலக்கட்டும், ஒருவர் துண்டை மடித்துத் தலைக்கடியில் வைக்கட்டும், இன்னொருவர் பக்கத்தில் கிடக்கும் கல்லையும் பையையும் நகர்த்தட்டும். கைகாலை அழுத்திப் பிடித்திருப்பவரை மட்டும் உடனே விடச் சொல். வெட்டி இழுக்கும் வேகத்தை எதிர்த்துப் பிடித்தால் தோள்மூட்டு கழன்றுவிடலாம்.

அதற்கும் முன்னால் மணியைப் பார். 5 நிமிஷத்துக்கு மேல் இழுக்கும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து தேவை. உன் வேலையில் இதை இன்னொரு விதமாகவும் யோசிக்க வேண்டும். போன் வந்து, வண்டி கிளம்பி, நெரிசலில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால் 5 நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அங்கே காத்திருக்காதே. இடையில் நினைவு திரும்பாமல் மறுபடி மறுபடி வந்தாலும் அப்படித்தான். கட்டுப்பாட்டு மைய மருத்துவரிடம் சொல்லி உத்தரவு வாங்கு. துடிக்கிற கையில் நரம்பு தேடி நேரம் போக்காதே. 2012-இல் வெளியான ராம்பார்ட் ஆய்வு ஆம்புலன்ஸிலேயே நடந்தது. தொடைச் சதையில் மிடாஸோலம் போட்டவர்களில் 100-க்கு 73 பேருக்கு மருத்துவமனை சேரும்போது வலிப்பு நின்றிருந்தது. நரம்பில் லோராஸிபாம் போட்டவர்களில் 63 பேருக்குத்தான். மருந்து போட்ட பிறகு மூச்சின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஆம்பு பை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வலிப்பு நின்றதும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வை. நுரையும் எச்சிலும் வெளியே வழியட்டும், வாய் தளர்ந்த பிறகு சக்‌ஷன் போடு. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார். இதை மறக்கவே மறக்காதே. சர்க்கரை இறங்கி வந்த வலிப்பு க்ளூகோஸில் சரியாகிவிடும். குடியை நிறுத்தி ஓரிரு நாள் ஆனவரா என்று வீட்டாரைத் தனியாகக் கேள். நிறைமாதக் கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவளுக்கோ வந்தால், ஊரார் ஜன்னி என்பார்கள். நீ ரத்த அழுத்தம் பார். அங்கே மருந்தே வேறு, மெக்னீசியம் சல்பேட். பிரசவ வார்டு உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்பு. குளத்திலோ கிணற்றிலோ வலிப்பு வந்து தூக்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் விட்டுவிட்டு வராதே. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

பலமுறை நீ போவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். அப்போதுதான் உன் பெரிய வேலை இருக்கிறது. வலிப்பு நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை. வலிப்பு வந்தவருக்கோ பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. அடுத்த நாள் எடுக்கும் இ.இ.ஜி. சரியாகவே இருக்கலாம். பார்த்தவர் வாய்மொழிதான் டாக்டருக்குக் கிடைக்கும் முக்கியச் சாட்சி. டீக்கடைக்காரரைக் கேள்: முதலில் எந்தக் கை இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா, விழும்முன் கத்தினாரா, எத்தனை நிமிஷம்? “ஃபிட்ஸ் வந்தது” என்று மட்டும் எழுதிய சீட்டை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். “வலது கையில் தொடங்கி உடம்பெல்லாம் பரவியது” என்று ஒரு வரி சேர்ந்தால் டாக்டர் மூளையின் இடப்பக்கத்தைத் தேடுவார். அங்கே ஒரு நாடாப்புழுக் கட்டி இருக்கலாம். வேலூர்ப் பக்கம் செய்த ஆய்வுகளில் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுதான் காரணமாக இருந்தது.

இன்னொன்று. வண்டியில் எப்போதும் ஒரு பழைய வேட்டி வைத்திரு. வலிப்பில் சிறுநீர் போய்விடுவதுண்டு. ஒருமுறை கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஈரப் புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, “யார் யாரெல்லாம் பாத்தாங்கக்கா?” என்றாள். வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்றிருந்த விதியை 1999-இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மாத்திரையை வேறு டப்பாவில் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

அதனால் நினைவு திரும்பும் அந்தக் கால்மணி நேரம் பக்கத்திலேயே இரு. குழம்பிப்போய் எழுந்து ஓடப் பார்ப்பார்கள், சிலர் தள்ளிவிடுவார்கள். பிடித்து அமுக்காதே. பேர் தெரிந்தால் பேர் சொல்லிக் கூப்பிடு. “நான் 108-லேர்ந்து வந்திருக்கேன், உங்களுக்கு வலிப்பு வந்துச்சு, இப்ப நின்னுடுச்சு” என்று அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல். என்ன ஆச்சு என்று இரண்டாவது முறையும் கேட்பார். மறுபடியும் சொல்.

அன்புடன்,
அக்கா