தொட்டியில் பாதி சோறும் காய்கறியும்

"குப்பையைப் பிரித்து வைப்பதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குத்தான் வரும், நமக்குப் பழக்கமில்லை." பேராக்கின் ஆயர் தாவாரில் இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பாலை வாளியில் ஊற்றினார்கள். மங்கில் உறைந்த கட்டியைத் தனியாக எடுத்தார்கள். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறுவை, தனி விலை. பிரிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. குப்பையைப் பற்றி இப்படி இன்னும் சில தவறான நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: குப்பையில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் கால்வாயில் மிதக்கும், வேலியில் மாட்டும், கண்ணில் படும். சோறு கண்ணில் படாது, எடையில்தான் தெரியும். 2012இல் மலேசியாவில் நாடளவில் வீட்டுக் குப்பையை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். உணவுக் கழிவு 44.5 விழுக்காடு. பிளாஸ்டிக் 13.2, குழந்தைகளின் பம்பர்ஸ் 12.1, காகிதம் 8.5. இரண்டு நாள் கட்டி வைத்த குப்பைப் பையைத் தூக்கும்போது அடியில் சொட்டுகிறதே ஒரு தண்ணீர், அது பிளாஸ்டிக்கிலிருந்து வருவதில்லை. மிஞ்சிய குழம்பும் பப்பாளித் தோலும் விடுகிற தண்ணீர் அது. அதில் நனைந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரர் தொடக்கூட மாட்டார்.

நம்பிக்கை: சோறுதானே, எங்கே கொட்டினாலும் மக்கிவிடும்.

வாழை மரத்தடியில் புதைத்தால் மக்கும், உரமாகும். குப்பைமேட்டில் அதன்மேல் டன் கணக்கில் குப்பை ஏறி அமுக்கும்போது காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும்; நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மழை பெய்தால் கறுப்பு நீர் ஊறி இறங்கும். ஆயர் தாவார் என்றாலே மலாயில் நன்னீர் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கும் ஊரில் இருந்துகொண்டு இதை லேசாக விட எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: பிரிக்காவிட்டால் நாடெங்கும் அபராதம்.

இல்லை. குப்பை மேலாண்மைக்கான 2007ஆம் ஆண்டின் 672ஆவது சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும்தான் 2015 செப்டம்பரிலிருந்து பிரித்து வைப்பது கட்டாயம். கெடா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவை அதில் சேர்ந்தன. பேராக் சேரவில்லை, இங்கே குப்பை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. "பிரித்து வைத்தாலும் லாரியில் ஒன்றாகத்தான் போடுவார்கள்" என்று அலுத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் ஈரக் குப்பை லாரிக்கே போகாமல் வீட்டோடு நிற்க வேண்டும் என்கிறேன்.

நம்பிக்கை: மலேசியர் மறுசுழற்சியே செய்வதில்லை.

தேசிய மறுசுழற்சி விகிதம் 2018இல் 24.6 விழுக்காடு, 2024இல் 37.9. அரசு 2025க்கு வைத்த இலக்கு 40. கடைகளும் தொழிற்சாலைகளும் இந்தக் கணக்கில் உண்டு. ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தாமான் தாமானாக வரும் பழைய பேப்பர் லாரிக்காரருக்கும், விடியற்காலையில் காலி டின் பொறுக்கும் முதியவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் சொல்வதே இல்லை.

நம்பிக்கை: காகிதமென்றால் நீலத் தொட்டி.

நாசி லெமாக் மடித்த பழுப்புத் தாளின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருக்கும், பிளாஸ்டிக் பூச்சு. மேலே சம்பல் எண்ணெய் வேறு. நீலத் தொட்டியில் போட்டால் அங்கிருக்கும் நல்ல காகிதமும் கெடும். அந்தப் பழுப்புத் தாளைக் கொல்லையில் போட்டு எரிப்பதும் வழியில்லை. பிளாஸ்டிக் புகை நஞ்சு, முதலில் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போய்ச் சேரும். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.

ஈரக் குப்பையை வீட்டிலேயே மக்க வைக்க, மூடி போட்ட ஒரு வாளி, அடியில் நாலு துளை, ஒரு கை சோறு போட்டால் இரண்டு கை காய்ந்த சருகு. கொல்லையில் ஒரு வாழை இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.