72-இல் ஒரு பங்கு விமானம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய லங்காஸ்டர் என்னும் நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானம் 1941 ஜனவரி 9-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அதன் மாதிரியை 1:72 அளவில் செய்வது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. நாமும் அட்டையில் செய்யலாம். கத்தரிக்கோலை எடுக்குமுன் கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

நீளங்களை 72-ஆல் வகுக்க வேண்டும். இறக்கைகளின் முனைக்கு முனை தூரம் 31.1 மீட்டர், மாதிரியில் 43 செ.மீ. 170 செ.மீ. உயரமுள்ள விமானி 2.4 செ.மீ. ஆகிவிடுவார்!

பரப்போ 72 × 72, அதாவது 5,184 மடங்கு குறையும். 120.5 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு 232 சதுர செ.மீ. ஆகும். கன அளவு 3,73,248 மடங்கு குறையும். அதே பொருள்களால், அதே அமைப்பில் செய்தால் எடையும் அவ்வாறே குறையும். சுமையேற்றிய விமானம் 30,000 கிலோ என்று கொண்டால், மாதிரி வெறும் 80 கிராம்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பரப்பைவிட எடை 72 மடங்கு அதிகமாகக் குறைந்துவிட்டது. எனவே இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்கும் சுமை 249 கிலோவிலிருந்து 3.5 கிலோவாகிறது. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், தேவையான வேகம் 72-இன் வர்க்கமூலமான 8.5 மடங்கு குறையும். பெரிய விமானம் மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் எழும்பினால், மாதிரிக்கு 20 கி.மீ. போதும். சிறிய இறக்கையில் காற்றின் பாகுத்தன்மை கூடுதலாகத் தடுப்பதால், நடைமுறையில் சற்று அதிகம் வேண்டும்.

வண்ணம் பூசும்போதும் கவனம் தேவை. 0.1 மி.மீ. பூச்சு, பெரிய விமானத்தில் 7.2 மி.மீ. கனத்துக்குச் சமம்! மெல்லியதாகப் பூசுங்கள்.

விமானத்தினுள் ஏழு பேருக்கு இடம் வைக்க மறவாதீர்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் அந்தப் போரில் மாண்ட வீரர்கள் 55,573 பேர். லங்காஸ்டர்கள் பெருமளவில் பங்கேற்ற 1945 பிப்ரவரித் தாக்குதலில் டிரெஸ்டன் நகரில் மட்டும் சுமார் 25,000 மக்கள் மாண்டனர். மாதிரியைக் காட்சிக்கு வைக்கும்போது இவ்விரு எண்களையும் அட்டையில் எழுதி அருகில் வையுங்கள்.

பயிற்சி: 1:48 அளவில் செய்தால் இறக்கை நீளமும் எடையும் என்ன?
விடை: 64.8 செ.மீ.; 271 கிராம்.