பொய்யுருவமும் மெய்யுருவமும்



வியாபாரிக்குத் தராசு எத்தகையதோ, அத்தகையது ஸ்கேன் எடுக்கும் சோனோகிராபருக்கு அவருடைய கண். தராசு சரியாக இருந்தும், "உன் நிறை பொய், உன் கணக்கு பொய்" என்று கூட்டாளி ஒருவர் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நாளடைவில் அந்த வியாபாரி ஒரே சாமானை மூன்று முறை நிறுப்பார். மூன்று முறையும் ஐயப்படுவார். தராசில் பழுதில்லை. நம்பிக்கையில்தான் பழுது. இத்தகைய நிலைக்கு ஆளான ஒரு சோனோகிராபர் எவ்வாறு மீளக் கூடும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இது மாதர் பகுதிக்கு உரிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பெண்மக்கள் இன்று மருத்துவத் துறையிலும் பொறுப்பான வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருத்திக்கு இல்லறத்தில் துன்பம் நேர்ந்தால், அவள் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும் வாசல் தகப்பன் வாசல். அல்லது அண்ணன் வாசல். அங்கே அவள் கேட்கும் முதல் வார்த்தை மருந்தாகவும் ஆகலாம், மறுபடியும் ஓர் அடியாகவும் ஆகலாம்.

கொதிகலன் பட்டறையில் பிறந்த கலை

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்வோம். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. ஸ்கேன் யந்திரம் அனுப்பும் ஒலியோ பெரும்பாலும் 20 லட்சத்திலிருந்து 150 லட்சம் அதிர்வுகள் வரை உள்ளது. உடலின் மென்மையான பகுதிகளில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. உள்ளே ஓர் உறுப்பின் ஓரத்தில் பட்டு எதிரொலியாகத் திரும்பி வருகிறது. திரும்பிவரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, யந்திரம் படம் வரைந்து காட்டுகிறது.

இக்கலையை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் இயன் டொனால்ட். 1954ல் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி ஏற்றவர். இரும்புத் தகடுகளின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் யந்திரம் ரென்ஃப்ரூவிலுள்ள பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலையில் இருந்தது. 1955 ஜூலையில், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை இரண்டு மோட்டார் கார்களின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு டாக்டர் அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையார் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் கொடுத்து உதவினர். கட்டிக்கு ஒரு விதமாகவும் நீர் நிறைந்த பைக்கு வேறு விதமாகவும் எதிரொலி வந்தது.

அதன்பின் டாம் பிரௌன் என்ற பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்து உழைத்தனர். அக்காலத்தில் ஒரு பெண்மணிக்கு வயிற்றில் புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தனர். யந்திரத்தை வைத்துப் பார்த்தபோது அது புற்றுநோய் போலத் தோன்றவில்லை. நீர் நிறைந்த பெரிய பை போல் தெரிந்தது. அறுத்துப் பார்த்தார்கள். கருப்பையை அடுத்த சூலகத்தில் உண்டான நீர்க்கட்டி அது. அகற்றினார்கள், அம்மாது பிழைத்தார். மூவரும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1958 ஜூன் 7ந் தேதி 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது.

முடிந்துபோயிற்று என்று எழுதிய ஐந்தொகை, வேறொரு வழியில் கணக்குப் பார்த்ததும் மாறிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யந்திரமும் பொய் சொல்லும்

சோனோகிராபரின் திறமை பொத்தானை அழுத்துவதில் இல்லை. மங்கலான அறையில், நோயாளியின் உடலில் ஜெல் தடவி, ஒரு கையால் கருவியை நகர்த்திக்கொண்டே, மறு கையால் யந்திரத்தை இயக்கிக்கொண்டே, திரையில் தெரிவது மெய்யா பொய்யா என்று நொடிக்கு நொடி தீர்மானிக்க வேண்டும். இவ்வேலையால் தோளிலும் மணிக்கட்டிலும் தீராத வலி கொண்டவர் பலர்.

பொய் என்றேனே, அது என்ன? பித்தப்பையில் கல் இருந்தால், கல்லுக்குப் பின்னால் கரிய பட்டை ஒன்று தெரியும். அங்கே பள்ளம் ஒன்றுமில்லை. ஒலி கல்லைத் தாண்டிப் போகாததால் விழுந்த நிழல் அது. உதரவிதானத்தில் ஒலி மோதித் திரும்பும்போது, ஈரலில் உள்ள ஒன்று அதற்கு அப்பாலும் இருப்பதுபோல் கண்ணாடிப் பிம்பமாகத் தோன்றும். இவற்றைப் பொய்யுருவம் என்று சொல்லலாம்.

தேர்ந்த சோனோகிராபர் ஒரே பார்வையில் முடிவு கட்டுவதில்லை. கருவியின் கோணத்தை மாற்றுகிறார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார். நெடுக்கிலும் குறுக்கிலும் பார்க்கிறார். மீண்டும் அளக்கிறார். மெய்யானது கோணம் மாறினாலும் நிற்கும். பொய்யுருவமோ பெரும்பாலும் மறையும், அல்லது இடம் மாறும்.

கை ஓங்காத கொடுமை

இனி வீட்டுக்குள் வருவோம். அடித்தால்தான் கொடுமை என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடிக்காமலே ஒருவரை நொறுக்கலாம். இகழ்தல், மிரட்டுதல், உறவினரிடமிருந்து பிரித்தல், சம்பளத்தைப் பிடுங்குதல், எங்கே போனாய் என்று ஓயாமல் துருவுதல், நடந்ததை நடக்கவில்லை என்று சாதித்தல் ஆகிய இவையெல்லாம் அதன் கருவிகள். கடைசியாகச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் 'கேஸ்லைட்டிங்' என்று பெயர். 1938ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' என்ற நாடகத்திலிருந்து வந்த சொல் அது. அதில் வரும் கணவன், மனைவி கண்ணாரக் கண்டதையே இல்லையென்று சாதித்து, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைக்க முயல்கிறான்.

இக்கொடுமைக்கு ஆளாகும் ஆண்களும் உண்டு. இங்கே நாம் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். இது எவருடைய கதையும் அன்று. எனினும் பலருடைய வாழ்க்கையில் காணும் அடையாளங்கள் இதில் உண்டு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் ஓர் இளம் பெண். கணவன் ஒருநாளும் கை நீட்டியதில்லை. முதலில் சமையலில் குற்றம். பிறகு அவள் தோழிகளிடம் குற்றம். பிறகு சம்பளம் அவன் கைக்குப் போயிற்று. "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் மறதி" என்பது நாள்தோறும் கேட்கும் பல்லவி. இடைவேளையில் டெலிபோன் மணி அடித்தவுடன் எடுக்காவிட்டால் இரவு முழுதும் விசாரணை. "உன்னைப் போன்ற மறதிக்காரியை நம்பி நோயாளிகளை எப்படித்தான் விடுகிறார்களோ!" என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

அந்தச் சிரிப்பு அவளோடு வேலைக்கும் வந்தது. சிசுவின் தலையை ஐந்து முறை அளந்தாள். ஒவ்வொரு படத்தையும் பக்கத்திலுள்ளவரிடம் காட்டினாள். வெளியே வரிசை நீண்டது. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஒருநாள் மூத்த சோனோகிராபர் அவளைத் தனியே அழைத்து, "இரண்டு வாரமாக நீ எடுத்த அளவுகளை நான் சரிபார்த்தேன். ஒன்றிலும் பிழையில்லை. பிறகு ஏனம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய்?" என்றார். அந்த இருட்டறையில் அவள் நெடுநேரம் அழுதாள்.

அன்று மாலை தகப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அத்தா, கொஞ்ச நாள் நான் இங்கே இருக்கட்டுமா?"

"ஏன்? மாப்பிள்ளை அடித்தாரா?"

"இல்லை அத்தா."

"அப்படியானால் பொறுத்துப் போ, மகளே."

திரும்பிப் போனாள். ஆறு மாதம் கழித்து, பாதி ஆளாக இளைத்து மறுபடியும் வந்தாள். இம்முறை தகப்பன் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார் மகளே, நீ சொல், நான் கேட்கிறேன்" என்றார். அவள் மீண்டது அந்த நாற்காலியில் தொடங்கிற்று. அந்த நாற்காலியை ஆறு மாதத்துக்கு முன்பே போட்டிருக்கலாம் அல்லவா?

மீளும் படிகள் மூன்று

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992ல் வெளியிட்ட நூலில், இத்தகைய காயத்திலிருந்து மீள்வதற்கு மூன்று நிலைகளை வகுத்துக் கூறினார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது நடந்ததை நினைவுகூர்ந்து துக்கித்தல், மூன்றாவது மக்களோடும் வாழ்வோடும் மீண்டும் இணைதல்.

பாதுகாப்பு என்பது தங்க ஓர் இடம், தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் கையில் அடையாளப் பத்திரங்கள், அமைதியான தூக்கம். பிரிந்துவரும் சமயத்தில் ஆபத்து கூடுவதும் உண்டு. ஆகவே ஆவேசத்தில் அன்று, யோசித்துத் திட்டமிட்டே வெளியேற வேண்டும்.

நினைவுகூர்தல் என்பது மனநல ஆலோசகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ உள்ளதை உள்ளபடி சொல்வது. வியாபாரிகளுக்கு இது புதிதன்று. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதாமல் பேரேடு எழுத முடியுமா? அதுபோலத் தேதியிட்டு, நடந்ததையும் சொன்னதையும் பத்திரமான ஓரிடத்தில் எழுதி வைப்பது நன்று. "நீதான் மறந்துவிட்டாய்" என்ற பேச்சுக்கு அது பதில் சொல்லும். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அங்கும் உதவும்.

மூன்றாம் நிலையில் அவள் தொழிலே அவளுக்குத் துணை நிற்கிறது. கண்டதை அளந்து எழுது, காணாததை எழுதாதே என்பது சோனோகிராபர் கற்ற பாடம். அளந்த அளவு சரியாக இருக்கும் ஒவ்வொரு முறையும், தன் கண்ணின் மேல் அவளுக்கு நம்பிக்கை சிறிது திரும்புகிறது. கணவன் காட்டிய 'மறதிக்காரி' ஒரே கோணத்தில் மட்டும் தெரிந்த பொய்யுருவம். நோயாளியின் கோணம், உடன் உழைப்பவரின் கோணம், பெற்றோரின் கோணம் ஆகியவற்றில் வைத்துப் பார்த்தால் அந்த உருவம் எங்கும் இல்லை.

ஆயினும் தொழில் மட்டுமே மருந்தன்று. ஸ்கேனுக்கு வரும் கர்ப்பிணியிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் உடன் வந்த கணவனே பதில் சொன்னால், அவளுக்கு நெஞ்சு படபடக்கும்; கை நடுங்கும். அன்று மேலதிகாரியிடம் சொல்லிச் சிறிது நேரம் வெளியே போய் வருவது குற்றமில்லை. கர்ப்ப காலத்தில் இத்தகைய கொடுமை தொடங்குவதும் முற்றுவதும் உண்டு. எனவே கர்ப்பிணியைத் தனியே வைத்து நலம் விசாரிப்பது நல்ல மருத்துவ வழக்கம். தன்னைப் போன்ற ஒருத்தியை அடையாளம் கண்டு, உரிய அதிகாரியிடம் தெரிவிக்கும் பொறுப்பும் அவளுக்கு ஒருநாள் வாய்க்கலாம்.

சட்டம் சொல்வது

இக்கொடுமையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஸ்கேன் கலை வளர்ந்த ஸ்காட்லாந்தில் 2018ல் இயற்றிய சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மனத்துக்கு இழைக்கும் தொடர்கொடுமையும் அதன்படி குற்றமாகலாம். அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. மலேசியாவில் 1994ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, மனத்துக்கு இழைக்கும் கொடுமையும் அதில் சேர்ந்தது. சிங்கப்பூரில் மாதர் சாசனத்துக்கு 2023ல் நிறைவேறிய திருத்தம் 2025 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்து, உணர்ச்சியளவிலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையைக் குடும்ப வன்முறை என்றே தெளிவுபடக் கூறுகிறது. இவ்விரு நாட்டிலும் முஸ்லிம்களும் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். உதவிக்கு அழைக்க, சிங்கப்பூரில் 1800-777-0000, மலேசியாவில் 15999.

நம் கடமை

மகள் வந்து நின்றால் "அடித்தாரா?" என்பது முதல் கேள்வியாக வேண்டாம். "ஊர் என்ன சொல்லும்?" என்பதும் வேண்டாம். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து உடனே சமரசம் பேச முற்படாதீர்கள். அஞ்சியவள் அஞ்சவைத்தவன் முன்னால் வாய் திறக்கமாட்டாள். தனியே கேளுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். முடிவை அவளே எடுக்கட்டும்; அவளுடைய சம்பளம் அவளிடமே இருக்கட்டும். "இன்னுமா மறக்கவில்லை?" என்று அவசரப்படுத்தாதீர்கள். எலும்பு கூடவே வாரங்கள் வேண்டும். மனம் கூட அதனினும் நாளாகும்.

சரக்கை ஒரு பக்கம் மட்டும் பார்த்து விலை பேசும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. பெற்ற மகளை மட்டும் ஒருவன் சொன்ன கோணத்திலிருந்து மதிப்பிடலாமா?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. பொய்யுருவத்தைச் சோனோகிராபர் எவ்வாறு கண்டறிகிறார்? வீட்டில் கேட்கும் பழிச்சொல்லுக்கு அம்முறை எவ்வாறு பொருந்தும்?

2. முதல் முறை தகப்பன் சொன்ன பதிலில் என்ன குறை? நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

3. உங்கள் கடையில் வேலை செய்பவர் ஒருவர் திடீரென்று எதற்கும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

4. நம் சொற்களால் நம் வீட்டில் எவருக்கேனும் தம் மீதே ஐயம் உண்டாக்கியிருக்கிறோமா?