கண்ணைக் கட்டும் வெளிச்சம்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாம் இருப்பதோ 92.7 பாகையில். நவம்பர் கடைசியில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது, ஜூன் ஜூலையில்கூட 6 மணி வரை தாக்குப்பிடிப்பதில்லை. டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பிள்ளைகளும், ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் காராசர்மா பக்கம் போகிறவர்களும் இருட்டில்தான் வீடு சேர வேண்டும். மெயின்லேண்டில் இரவுப் பயணத்தின் தொல்லை என்று பேசப்படும் ஹெட்லைட் கூச்சம் இங்கே சாயங்காலத் தொல்லை. அதைப் பற்றி டீக்கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் அடிபடும் பேச்சில் பாதி தவறு.

நம்பிக்கை: வெளிச்சம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்.

உண்மை: ஓட்டுபவருக்கே அது எப்போதும் பொருந்தாது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் ரோடு பளீரென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் மாடு முன்னைவிட மங்கலாகிவிடும். எதிரே வருபவரின் பாடு இன்னும் மோசம். கண்ணுக்குள் பாயும் கூடுதல் ஒளி உள்ளே சிதறி, பார்க்க வேண்டியதன் மேல் வெள்ளைத் திரையாகப் படர்கிறது. வயது ஏற ஏற இந்தச் சிதறல் அதிகமாகும். கண்புரை தொடங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வண்டி கடந்துபோன பிறகும் கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். இரண்டு விநாடி ஒன்றும் தெரியவில்லை என்றால் 28 மீட்டர் குருட்டோட்டம். நடைபாதை இல்லாத நம் ரோட்டில் அந்த 28 மீட்டருக்குள் யாராவது நடந்துபோய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

நம்பிக்கை: பல்பை மட்டும்தானே மாற்றினேன், அதில் என்ன தப்பு?

உண்மை: தொல்லையின் வேர் பெரும்பாலும் இங்கேதான். பழைய ஹாலோஜன் எச்-4 பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். கீழே போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால், டிம்மில் ரிஃப்ளெக்டரின் மேல் பகுதி மட்டுமே வேலை செய்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி கீழ்நோக்கி ரோட்டில் விழுகிறது. இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானித்துத்தான் அந்த ரிஃப்ளெக்டரையே வார்த்திருக்கிறார்கள்.

அதே கூட்டில், பின்னால் குட்டி ஃபேன் வைத்த எல்.இ.டி. குச்சியைச் செருகினால் என்ன ஆகும்? ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுகின்றன. ரோட்டில் விழ வேண்டியதில் ஒரு பங்கு மேலே சிதறி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கிறது. ஓட்டுபவருக்கு மரக்கிளை எல்லாம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துத்தான் “சூப்பர் லைட்” என்று மகிழ்ந்துபோகிறார். மரக்கிளை தெரிகிறது என்றாலே விளக்கு தப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

எல்.இ.டி. என்பதே கெட்டது என்று சொல்லவில்லை. கம்பெனியே எல்.இ.டி.க்காக வடிவமைத்த விளக்கு வேறு, ஹாலோஜன் கூட்டில் திணித்த பல்பு வேறு. இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அதனால் நம் டிம் லைட்டின் மேல்விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் சற்றே உயர்ந்து, ரோட்டோரத்தைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டரை வாங்கி மாட்டினால் அந்த உயர்வு வலப்பக்கம் போய், எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக நிற்கும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு மெக்கானிக்கின் தலையில் அல்ல, வண்டி உரிமையாளரின் தலையில்.

நம்பிக்கை: காட்டு ரோட்டுக்குப் பார் லைட் இல்லாமல் ஆகாது.

உண்மை: எதிரே யாரும் இல்லாத இருட்டு ரோட்டில் ஹை பீம் போடலாம், அது இருப்பதே அதற்குத்தான். ஆனால் அந்தமான் டிரங்க் ரோட்டின் அசல் காட்டுப் பகுதி எது? ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை, ஜாரவா ஒதுக்கிடத்தின் வழியே போகும் ஏறக்குறைய 50 கி.மீ. அங்கே பகலில், போலீஸ் காவலோடு, கான்வாயாக மட்டுமே போக முடியும். இரவில் கேட் திறப்பதில்லை. அப்படியானால் பார் லைட் எரிவது எங்கே? முதல் கான்வாயைப் பிடிக்க விடிவதற்கு முன்பே ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர், நம் வாய்க்கு இன்னும் அதுதான்) பறக்கும் டூரிஸ்ட் வண்டிகளில், வீட்டு வாசல்களை ஒட்டிய வளைவுகளில். காட்டுக்கு என்று வாங்கிய விளக்கு ஊருக்குள்தான் எரிகிறது. முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்துவதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி தடுக்கிறது. பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

வண்டி விளக்கின் தொல்லை மனிதருக்கு மட்டும் அல்ல. ரங்கத்தைத் தாண்டினால் கத்பர்ட் பே, ஆமைகள் முட்டையிடும் கடற்கரை. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஊர்ந்துபோகும். செயற்கை விளக்கு இல்லாத இரவில் அது கடல். கரையைப் பார்த்து விளக்கெரிய நிறுத்திய வண்டி குஞ்சைத் தரைப்பக்கம் திருப்பிவிடும். அங்கே டிம்கூட வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: மழையைத் துளைக்க மஞ்சள் லைட்தான்.

உண்மை: பாதி சரி. நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணுக்கு இதம். ஆனால் மழையை எந்த நிறமும் துளைக்காது. மழைத்துளி ஒளியலையைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது. பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போக விட்டுவிட்டார்கள். ஃபாக் லைட் உதவுவதற்குக் காரணம் அது தாழ்வாக, அகலமாக, மேலே வெட்டிவிட்டாற்போல் எரிவதுதான். மே முதல் டிசம்பர் வரை மழை பெய்யும் நம் தீவுகளில் நினைவில் வைக்க வேண்டியது வேறு: மழையில் ஹை பீம் போட்டால் துளிகளில் பட்ட ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். நனைந்த தார் ரோடும் கண்ணாடியாகி மிச்சத்தை எதிராளிக்கு அனுப்பிவிடும்.

நம்பிக்கை: இரவில் ஓட்ட மஞ்சள் கூலிங் கிளாஸ் போட்டால் கூசாது.

உண்மை: அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 22 பேரை டிரைவிங் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், 2019-ல் முடிவு வெளியானது. ரோட்டில் நடப்பவரைக் கண்டுகொள்ள மஞ்சள் கண்ணாடி எந்த உதவியும் செய்யவில்லை. இருட்டில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டும் கண்ணாடிக்குக் காசு கொடுப்பானேன்?

நம்பிக்கை: ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

உண்மை: தமிழ்நாட்டில் போலீசே நிறுத்தி ஒட்டிவிட்ட காலம் உண்டு. எண்ணம் நல்லது. ஸ்டிக்கர் ஒளியின் அளவைக் கொஞ்சம் குறைக்கும். திசை தப்பிய ஒளியைத் திருத்தாது.

நம்பிக்கை: நான் டிம்மில்தான் போகிறேன், என் விளக்கு யாருக்கும் கூசாது.

உண்மை: பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், டிம் லைட்டும் கூடவே தூக்கும். ஸ்கூட்டரில் பின்னால் ஆள் ஏறினாலும் இதே கதைதான். மேடும் இறக்கமுமான நம் ஊரில் இது இரட்டிப்பாகிறது. பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னத் திருகு இருப்பது இதற்குத்தான். அதை ஒருமுறைகூடத் தொடாமலே காரை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பாரம் ஏறினால் எண்ணைக் கூட்டுங்கள், வெளிச்சம் கீழே இறங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, ஹெட்லைட்டின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். விதி 106 கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: விளக்குக்கு முன் 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் பகலிலும் விளக்கு எரிகிறதே என்று அந்த உத்தரவைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உத்தரவு எரியச் சொன்னது விளக்கை, ஹை பீமை அல்ல.

நம்பிக்கை: ஹை பீமில் வருகிறவனுக்கு நாமும் ஹை பீம் போட்டால்தான் உறைக்கும்.

உண்மை: ஒரு குறுகலான ரோட்டில் ஒருவருக்குக் கண் தெரியாமல் இருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை, இதில் உறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருமுறை டிப்பர் அடித்துக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, பார்வையை ரோட்டின் இடது ஓரக் கோட்டில் வைத்து, அவரைப் போகவிடுங்கள். தினமும் அதே வண்டிதான் என்றால் எண்ணைக் குறித்து டிராஃபிக் போலீசில் கொடுங்கள். அதற்கு முன், உங்கள் வண்டியைச் சுவருக்கு முன்னால் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.