மேலே இருப்பது சூன்யமன்று

நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று என்பதே கிடையாது, அதற்கப்பால் வெறும் சூன்யந்தான், அங்கே எது நிகழ்ந்தாலும் தரையில் வாழும் நமக்கு ஒன்றுமில்லை என்று நன்கு படித்தவர்களும் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நூறு கிலோமீட்டர் என்பது, விண்வெளி எங்கே தொடங்குகிறது என்னும் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு மனிதர் கிழித்த கோடே ஒழிய, காற்று வந்து முட்டி நிற்கும் மதிற்சுவர் அன்று. 1963 நவம்பர் 21-ஆம் தேதி அந்தி வேளையில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி ராக்கெட் மேல்வானில் சோடியம் ஆவியைத் தூவியபோது, இருள் கவியும் வானத்தில் செம்மஞ்சள் முகிலொன்று படர்ந்தது. கீழே பொழுது சாய்ந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்குமாதலால் சோடியம் ஒளிர்ந்தது. அத்தகைய முகில் நேர்கோடாக நில்லாமல் பாம்புபோல் நெளிந்து இழுபடுவதைப் படம் பிடித்தே, அங்கு வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். சூன்யத்தில் காற்று வீசுமா?

அந்த மெல்லிய வாயுமண்டலம் சூரியனுடைய கொந்தளிப்பால் சூடேறி உப்புவது. உப்பினால், அதன் வழியே சுற்றும் கலங்களை இழுத்துக் கீழே இறக்குவது. சுமார் 430 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கிய ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையம், சூரியன் எதிர்பார்த்ததினும் உக்கிரமானமையால் கணக்குக்கு முன்பே தாழ்ந்து, 1979 ஜூலை 11-ஆம் தேதி இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. 2022 பிப்ரவரியில், 210 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 அழிந்தன. அதற்குக் காரணமாகச் சூரியக் கொந்தளிப்பால் எழுந்த காந்தப் புயலோ மிகச் சாதாரணமானது.

இவற்றையெல்லாம் அறிந்தவர்களிடத்தும், மேல் வானத்தைக் கலக்குவது சூரியன் ஒன்றே என்னும் நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இதைத்தான் முக்கியமாகத் திருத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பூமியிலும் கடலிலும் எழும் அசைவு காற்றில் அலையாக மேலேறும்போது, அதைத் தாங்கும் காற்று வரவர அருகிக்கொண்டே போவதால், அலையின் வீச்சு பன்மடங்காகப் பெருகுகிறது. கீழே எவரும் உணராத மெல்லிய அசைவு மேலே பேரலையாகிவிடுகிறது. 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் கிழக்குக் கடலில் பூகம்பம் நேர்ந்தபோது, குளத்தில் கல் விழுந்தாற்போல், மின்னேற்றம் பெற்ற மேல்வான அடுக்காகிய அயனி மண்டலத்தில் வட்ட வட்டமான அலைகள் பரவியதை, அந்நாட்டில் நிறுவப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். கருவிகள் பதிவு செய்தன. அன்றிரவு ஹவாய்த் தீவுகளில் வானத்தை நோக்கியிருந்த காமிரா, சுமார் 250 கிலோமீட்டர் உயரத்துக் காற்று தானே உமிழும் மங்கிய செவ்வொளியில், அப்பூகம்பம் எழுப்பிய ஆழிப்பேரலையின் சாயலைக் கண்டது. கடலலை கரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே கண்டது. 2022 ஜனவரி 15-ஆம் தேதி டோங்கா எரிமலை வெடித்த பின், ஐகான் செயற்கைக்கோள் அளந்த மேல்வானக் காற்றின் வேகமோ மணிக்கு 720 கிலோமீட்டர்.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் வானத்தைப் பார்த்துப் பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று ஆசைப்படுவது இயல்பு. அப்படிச் சொல்வோரை நம்பற்க. மேற்சொன்ன வட்டங்கள் நிலம் அதிர்ந்த பிறகு எழுந்தவையே. அதிர்வுக்கு முன் தோன்றுவனவாகக் காட்டப்படும் குறிகள் எவையும் இன்றுவரை ஐயமற நிரூபிக்கப்படவில்லை. புறப்பட்டுவிட்ட ஆழிப்பேரலையைக் குறித்துக் கரையோர மக்களை எச்சரிக்க இவ்வறிவு உதவுமாயின், அதுவே பெரும் பேறு.

இறுதியாக, உலகம் வெப்பமடைகிறதென்றால் வானமும் உச்சிவரை வெப்பமடையுமென்று எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. கீழே உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் அதே கரியமில வாயு, காற்று அருகிய மேற்பிரதேசத்தில் உஷ்ணத்தை வெட்டவெளிக்குக் கழித்துவிடுவதால், அங்கே வாயுமண்டலம் குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கிய காற்றுக்கு இழுக்கும் வலிமை குறைவு. ஆதலால் உடைந்த செயற்கைக்கோள்களின் துண்டுகள் முன்போல் விரைவில் விழுந்து எரிந்துபோகாமல், நெடுங்காலம் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.