வலைப்பக்கத்தில் படங்கள்

கைப்பேசியில் எடுத்த ஒளிப்படம் 4000 படப்புள்ளி அகலமும் 3000 படப்புள்ளி உயரமும் கொண்டிருக்கலாம். வலைப்பக்கத்தில் அதற்கு ஒதுக்கப்படும் இடமோ 800க்கு 600 அளவே. சுருக்காமல் ஏற்றினால், தேவையைப்போல் 25 மடங்கு படப்புள்ளிகளைப் பயனர் வீணே பதிவிறக்க நேரும். இணைய வேகம் குறைந்த ஊரில் பக்கம் திறப்பதற்குள் அவர் பொறுமை இழப்பார்.

அளவைக் குறைத்த பின்னரே கோப்பு வகையைத் தேர்தல் வேண்டும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், ஒளிப்படங்களுக்கு ஏற்றது. ஆயின் எழுத்துகளின் கூரிய விளிம்புகளை மங்கச் செய்யும். அவற்றுக்குப் பிஎன்ஜி பொருந்தும்.

பெரிதும் புறக்கணிக்கப்படுவது மாற்று உரை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், படத்திற்கென எழுதப்பட்ட அச்சொற்களையே ஒலிக்கும். தேர்வு அட்டவணையைப் படமாக வெளியிட்டு, மாற்று உரையில் 'படம்' என்று மட்டும் எழுதினால், பார்வையற்ற மாணவர் தேர்வு நாளை அறிய வழியில்லை. அட்டவணையை எழுத்தாகவே தருவது இன்னும் நன்று.