மாட்டுங்காவுக்கு ஒரு காலை

மும்பை போகும் நம்மவர்கள் பலர் கேட்வே ஆஃப் இந்தியாவோடு திரும்பிவிடுகிறார்கள். மாட்டுங்கா போன்ற, தமிழர்களின் பழைய மும்பையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் ரயிலேறும் முன், சாலைக்கு எதிர்ப்புறம் நின்று அந்தக் கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாட்டுங்காவுக்கு ஏற வேண்டியது மத்திய ரயில்வேயின் 'ஸ்லோ' வண்டி. 'ஃபாஸ்ட்' மாட்டுங்காவில் நிற்காது. 'மாட்டுங்கா ரோடு' என்பது மேற்கு ரயில்வேயின் வேறு நிலையம். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினால் அபராதம். காலை நெரிசல் தெற்கு நோக்கித்தான். வடக்கே போகும் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கலாம்.

மாட்டுங்காவில், 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் உணவகத்தில் ஞாயிறன்று வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வார நாள் நல்லது. திங்களன்று பழைய உணவகங்கள் சில மூடியிருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கேயே உள்ள ஆஸ்திக சமாஜம் கோயிலை விட்டுவிடாதீர்கள்.

மாட்டுங்காவில் ஆட்டோ ஓடாது, டாக்சிதான். அடுத்து செம்பூருக்குப் போனால், அங்கே ஆட்டோ உண்டு. அங்குள்ள சேடா நகர் முருகன் கோயிலில் படியேற வேண்டும், முதியவர்களோடு போனால் வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

தாராவிக்கும் போவதானால் சயான் நிலையத்தில் இறங்கலாம். அங்கே தோல் பைகளைக் கடை கடையாக விலை கேட்டு வாங்குங்கள். சந்துக்குள் இருப்பவை மக்கள் வாழும் வீடுகள்; கேட்காமல் படம் எடுக்கவே கூடாது.